கொடுக்காப்புளி விலக்கில் காயாத காலடி

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் பெரிய சாலையில், பேருந்துகள் சாப்பாட்டுக்காக நிற்கும் இடங்களில் எங்கள் கொடுக்காப்புளி விலக்கும் ஒன்று; இங்கே சாம்பாரில் பருப்பு இருக்காது, காப்பியில் காப்பி இருக்காது, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் இருக்காது, ஆனால் இங்கே ஒரு சிமெண்டுத் தரையில் ஒரு சின்னப் பிள்ளையின் இரண்டு காலடி ஈரம் கோடைக்குப் பின் கோடை வந்து போயும் காயாமல் கிடந்தது, கிடந்ததோடு நில்லாமல் வருஷத்துக்கு வருஷம் வளரவும் செய்தது. கேட்பவர்கள் கதை விடுகிறோம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோழி முட்டையிடுவதைப் பார்த்து யாராவது வாயைப் பிளக்கிறார்களா? தினமும் கண்ணில் பட்டால் எதுவும் பழகிப்போகும்.

அந்தத் தரை சந்தியாகு அண்ணனுடையது. அவர் வயசுக் காலத்தில் ஊர் ஊராகப் பொருட்காட்சியோடு போனவர், உடம்பில்லாமல் தலை மட்டும் பேசும் பெண்ணைக் கண்ணாடிக்கு நடுவே உட்கார வைத்துக் கூட்டம் சேர்த்தவர், அந்தத் தலை ஒரு நாள் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனோடு உடம்போடு ஓடிப்போன பிறகு மனசு விட்டுப்போய் எங்கள் விலக்கில் தகரக் கூரை போட்டு ‘சந்தியாகு அதிசய உலகம்’ என்று பலகை மாட்டியவர். உள்ளே கண்ணாடித் தொட்டியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி மிதந்தது. கடற்கன்னி ஒன்று படுத்திருந்தது. மேலே குரங்கு, கீழே மீன், நடுவில் தையல், தையல் தெரியாமலிருக்கப் பாசிமணி. பேய் ஓட்டி மரத்தில் ஆணி அடித்த முடிக்கற்றைகள் ஆணியோடு பிடுங்கி வரிசையாகத் தொங்கின. யாரும் தொடாமல் ஆடும் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓட்டை இருந்தது, ஓட்டைக்கு அந்தப் பக்கம் கயிறும் கயிற்றின் நுனியில் அண்ணனின் கால் கட்டைவிரலும் இருந்தன. வாசலில் ‘இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உள்ளே வர வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது, அப்படி எழுதினால்தான் நாலு பேர் உள்ளே வருவார்கள் என்பது அவர் கணக்கு. மொத்தத்தில் அங்கே அசல் என்று சொல்ல அவருடைய வறுமை மட்டும்தான் இருந்தது, பஞ்சவர்ணத்தின் மகள் வந்து நிற்கும் வரைக்கும்.

சித்திரை மாதத்து மத்தியானம் அது. பழனியில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு மணப்பாறைப் பக்கம் திரும்புகிற சொந்தக்காரக் கூட்டம் ஒன்று வாடகைப் பேருந்தில் வந்து இறங்கியது. மாமன் மச்சான், நாத்தனார் கொழுந்தியாள் என்று பேருந்து நிறைய ஆட்கள், ஆட்களின் மடி நிறைய பிள்ளைகள், பிள்ளைகளின் தலை நிறையச் சந்தனம். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றுகூடத் தெரியாத மொட்டைகள். அன்றைக்குப் பழனியிலிருந்து வந்த பேருந்துகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன, எல்லாவற்றிலும் சந்தன மொட்டைகள், எல்லாவற்றின் முகப்பிலும் மயில்மேல் முருகன், அதிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பேருந்துகள் ஒரே நீலம். அந்தக் கூட்டத்தோடு வந்த பஞ்சவர்ணத்தின் மகள் தேன்மொழிக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. அவள் நடந்தால் பீப்பீ என்று சத்தம் போடும் ரோஸ் நிறச் செருப்பு போட்டிருந்தாள். அதைக் குழாயடியில் கழற்றி வைத்துவிட்டு, பெரியவர்களைப் பார்த்துக் கால் கழுவிக்கொண்டு, ஈரக்காலோடு அதிசய உலகத்துக்குள் நடந்து போனாள்.

வண்டி எடுக்கும் நேரத்தில் நடத்துநர் எல்லா நடத்துநரும் கேட்பதைக் கேட்டார்.

“எல்லாரும் ஏறியாச்சா? பக்கத்துல இருந்த ஆளு இருக்காங்களான்னு பாத்துக்கங்க.”

ஜன்னலோரம் இருந்த பஞ்சவர்ணம் திரும்பிப் பார்த்தாள். முன் இருக்கையில் நாத்தனாரின் மடியில் ஒரு சந்தன மொட்டை முகத்தைச் சேலைக்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் அத்தை மடியில் தூங்குகிறாள் என்ற நிம்மதியில், பேருந்து முழுமைக்குமாகச் சேர்த்து அவள்தான் குரல் கொடுத்தாள்.

“ஏறியாச்சு, போகலாம்.”

அது நாத்தனாரின் மகன். வையம்பட்டி தாண்டி அவன் விழித்து முகத்தைத் திருப்பியபோது பஞ்சவர்ணம் போட்ட அலறலில் ஓட்டுநர் வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

அவர்கள் திரும்பி வந்து எங்களிடம் காட்டிய போட்டோவில் ரெட்டைச் சடையும் கனகாம்பரமுமாக ஒரு பிள்ளை இருந்தது. அப்படி ஒரு பிள்ளையை நாங்கள் பார்க்கவே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம், அதுவும் உண்மைதானே, நாங்கள் பார்த்ததெல்லாம் மொட்டைகள். சந்தியாகு அண்ணன் மட்டும் போட்டோவை விரலால் நெற்றிக்கு மேலே மறைத்துப் பார்த்தார். “இந்தக் கண்ணு உள்ள ஒரு மொட்டை வந்துச்சும்மா. கன்னுக்குட்டியப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் நாற்காலிய ஆட்டப் போயிட்டேன், திரும்பி வந்தா இல்ல” என்றவர், உள்ளே கூட்டிப் போய்த் தொட்டிக்கு முன்னால் தரையைக் காட்டினார். வாசலிலிருந்து வந்த தடமெல்லாம் காய்ந்திருந்தது. பிள்ளை கடைசியாக நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பாதம் ஈரமாக இருந்தது, கொய்யாப்பழ அளவுக் குதிகாலும் பத்து விரலும் அச்சாக. “சாயங்காலம் ஆயிருச்சு. இந்த வெயிலுக்கு எப்பவோ காஞ்சிருக்கணும்” என்றார் அண்ணன். பஞ்சவர்ணம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கையில் ஈரம் ஒட்டவில்லை, தரையில் ஈரம் குறையவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.

சொந்தக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அடுத்த வாரமே திரும்பி வந்தாள், பிறகு அதற்கடுத்த வாரம், பிறகு ஒரு பையில் துணிமணியோடு வந்து போகவே இல்லை. பேருந்துகள் நிற்கும் மோட்டலில் பாத்திரம் கழுவினாள், அதன் பிறகு அதிசய உலகத்தின் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள், அண்ணனும் தங்கச்சி தங்கச்சி என்று அவளுக்கு ஒரு தடுப்பு கட்டி இடம் கொடுத்தார். அவள் புருஷன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்து காலடியைப் பார்த்துக் கண் கலங்கிப் போனார், அப்புறம் தீபாவளிக்கு வந்தார், அப்புறம் அவருக்கு அங்கே வேறு தீபாவளி வந்துவிட்டது. அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. எல்லோராலும் ஒரே இடத்தில் நின்று அழ முடியாது.

காயாத காலடியை முதலில் நாங்கள் காயவைக்கத்தான் பார்த்தோம், மனுஷ புத்தி அப்படி. துடைத்தோம், மின்விசிறி வைத்தோம், பஞ்சர் கடை காசிம் பாய் டயருக்கு ஒட்டுப் போடும் சூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பொறியாளர் வந்து அது ஓதம் என்று சொல்லிச் சுற்றிலும் தோண்டச் சொன்னார், தோண்டினால் கீழே உலகம் தோன்றிய நாளிலிருந்து தண்ணீரைப் பார்க்காத பாறை இருந்தது. ஒரு சாமியாடி வந்து அது அம்மன் பாதம் என்று குறி சொல்லி மஞ்சளும் குங்குமமும் கொட்டப் போனார். பஞ்சவர்ணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொட்டாதீங்க. இது சாமி இல்ல. என் பிள்ள.”

அதற்குப் பிறகு யாரும் அதற்குச் சூடம் காட்டவில்லை. சாமியாக ஆகியிருந்தால் எங்கள் விலக்குக்குப் பெரிய வருமானம்தான், ஆனாலும் பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த ஆசை எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த சித்திரையில் பாதம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பஞ்சவர்ணம்தான் முதலில் கண்டாள், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி அளவெடுத்து ஒடித்து வைத்திருந்தவள் அவள். ஈர்க்கைத் தாண்டிக் கட்டைவிரல் நின்றதைப் பார்த்து ஓடிவந்து சாலையில் நின்று, “எம்மக வளர்றா! எங்கயோ சாப்பிட்டு வளர்றா!” என்று லாரிகளிடமெல்லாம் கத்தினாள். அன்றைக்கு மோட்டலில் எல்லோருக்கும் பாயசம், அதில் முந்திரிகூட இருந்தது. பஞ்சவர்ணம் அந்த அளவுக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி வந்து சுவரில் மாட்டினாள், குழாயடியில் கிடைத்த பீப்பீ செருப்புக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து சித்திரைக்குச் சித்திரை ஒரு புது ஈர்க்கு, ஒரு புது ஜோடி. பள்ளிக்கூடம் சேரும் வயசில் கறுப்பு ஷூ வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களோ இல்லையோ என்று ராத்திரியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி அந்தப் பிள்ளை எங்கள் எல்லோருக்கும் பிள்ளையானது. வண்டி ஓட்டுகிறவர்கள் தாண்டிப் போகும்போது ஜன்னலிலிருந்து, “தேனு எப்படி இருக்கா?” என்று கேட்பார்கள், “நேத்து செருப்பில்லாம சேத்துல நடந்திருக்கா” என்று நாங்கள் சொல்வோம், ஏனென்றால் எங்கோ மழை பெய்தால் எங்கள் காய்ந்த தரையில் காலடி சேறாக இருக்கும். ஒரு முறை அதில் கரும்புச் சோகையின் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பஞ்சவர்ணம் அதை ஒரு தாளில் மடித்துக்கொண்டு புறப்பட்டுப் போனாள், மோகனூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் கரும்பு விளைகிற ஊரெல்லாம் போட்டோவும் கையுமாக அலைந்தாள், கரும்பு வெட்டும் பெண்களின் பிள்ளைகளையெல்லாம் காலைக் காட்டச் சொன்னாள், சில இடங்களில் பிள்ளை பிடிக்கிறவள் என்று அடிக்க வந்தார்கள். கறுத்து மெலிந்து திரும்பி வந்தவள் காலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நீயே வாடி. எனக்கு வழி தெரியல” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் சந்தியாகு அண்ணன் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். உள்ளே வருகிற அந்த வயசுப் பெண் பிள்ளைகளையெல்லாம், “வெச்சுப் பாரு தாயி, பொருந்தினா கன்னுக்குட்டிய உனக்கே குடுத்துர்றேன்” என்று ஆசைகாட்டிக் காலடியில் காலை வைக்கச் சொன்னார். எத்தனையோ பேர் வைத்தார்கள். விரல் நீண்டிருக்கும், இல்லாவிட்டால் குதிகால் குறைந்திருக்கும். அளவு சரியாக இருந்தாலும் அந்த ஈரம் யார் காலிலும் ஒட்டாது, வைத்த கால் வைத்தபடி காய்ந்தே எழும். ஒவ்வொரு முறையும் பஞ்சவர்ணம் டிக்கெட் மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பாள், பார்த்துவிட்டு மறுபடி உட்காருவாள்.

ஒரு மாசி மாதம் காலடியிலிருந்து மஞ்சள் வாசனை வந்தது. மோட்டலில் காய் நறுக்கும் பெண்கள் குனிந்து மோந்து பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், பச்சை மஞ்சள், வேப்பிலை, சடங்குத் தண்ணீர்தான், வேறென்ன. தாய்மாமன் இல்லாமல் சடங்கா என்று கேள்வி வந்தது. சந்தியாகு அண்ணன் கழுத்தில் சிலுவையும் தோளில் புதுத் துண்டுமாக, தட்டில் பட்டுப்பாவாடையும் வெல்லமும் எடுத்துக்கொண்டு, காசிம் பாய் பின்னால் வாழைத்தாரைத் தூக்கி வர, தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், அதுதான் மேளம். பஞ்சவர்ணம் சிரித்த முகமாகவே எல்லாவற்றையும் செய்தாள், கடைசியில் பாவாடையை மடித்து வைக்கும்போது தாங்க மாட்டாமல் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், “யாரு தலைக்குத் தண்ணி ஊத்தினாங்களோ. என் பிள்ள வெக்கப்பட்டுச்சோ பயந்துச்சோ” என்று விம்மினாள். எங்கள் பெண்களும் அழுதார்கள்.

இன்னும் சில வருஷம் போய் ஒரு தை மாதத்தில் பாதத்தின் இரண்டாம் விரலில் ஒரு வளையம் பதிந்திருந்தது. மெட்டி. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களைக் கேட்காமல் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று எங்களுக்கெல்லாம் கோபம்தான், மாப்பிள்ளை யார், குடிப்பானா, கை நீட்டுவானா என்று டீக்கடையில் வாரக்கணக்கில் அதே பேச்சு. போன வருஷம் குதிகால் அகலமாகவும் அழுத்தமாகவும் பதிய ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியாதா? வயிறு முன்னால் வந்தால் நடை பின்னால் சாயும். பஞ்சவர்ணம் நாள் பார்த்து, ஐந்து வகைச் சோறு கிண்டி, காலடியைச் சுற்றிக் கண்ணாடி வளையல்களை அடுக்கி வளைகாப்பு நடத்தினாள். எங்கள் பெண்கள் ஆளுக்கொரு வளையல் எடுத்துக்கொண்டார்கள். பச்சையில் ஒரு ஜோடியை மட்டும் பஞ்சவர்ணம் யாருக்கும் தரவில்லை, டிக்கெட் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தாள். “வளைகாப்பு முடிஞ்சா ஆத்தா வீட்டுக்குத்தான அனுப்புவாங்க. அவ ஆத்தா வீடு இதுதான” என்றாள். நாங்கள் கலவைச் சோற்றைச் சாப்பிட்டோம்.

அவள் வந்தது அதற்கடுத்த மாதம், நல்ல மத்தியானம், திருச்சிப் பக்கம் போகிற பேருந்தில். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், நிறைமாசத்துக்கு ஒன்றிரண்டு மாசம் குறைவான வயிறு, தலை நிறையப் பூ. கூட ஐம்பது தாண்டிய ஒரு அம்மாள், ஒரு கையில் பலகாரக் கூடை, மறு கை எப்போதும் அந்தப் பெண்ணின் முதுகில். வாசல் பலகையைப் படித்துவிட்டு அந்தப் பெண் சிரித்தாள்.

“கர்ப்பிணிங்க வரக் கூடாதுன்னு போட்ருக்கீங்க?”

“அது சும்மா தாயி. உள்ள இருக்கிறதுல பயப்பட ஒண்ணுமே இல்ல, அதனாலதான் வெளியவே பயமுறுத்தி வெச்சிருக்கேன்” என்றார் அண்ணன். “எந்த ஊருக்குப் போறீக?”

“அம்மா வீட்டுக்கு. வளைகாப்பு முடிச்சு அம்மா கூட்டிட்டுப் போறாங்க” என்று பக்கத்திலிருந்தவளின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பஞ்சவர்ணம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; இத்தனை வருஷமாக அவள் முகங்களைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்ப்பாள். பார்த்தவள் எழுந்து அவர்கள் பின்னாலேயே உள்ளே போனாள்.

கன்றுக்குட்டியின் முன்னால் வந்ததும் அந்தப் பெண் நின்றாள். “இத நான் எங்கயோ பாத்திருக்கேன்மா” என்றாள். “இதென்ன கீழ, தண்ணி கொட்டிக் கெடக்கு?”

அண்ணனுக்கு வழக்கமான வசனம் வாயில் வந்துவிட்டது, “வெச்சுப் பாரு தாயி, பொருந்தினா…” என்றவர் மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்தாள், மறு காலையும் வைத்தாள். மெட்டி இருந்த இடத்தில் மெட்டி போய் உட்கார்ந்தது.

“ஐயோ, சில்லுன்னு இருக்கும்மா. எனக்குன்னே அளவெடுத்தாப்புல இருக்கு பாரேன்.”

அவள் காலை எடுத்தாள். தரை காய்ந்திருந்தது. வெறும் சிமெண்டு, அங்கே ஒரு காலத்திலும் எதுவும் இருந்ததில்லை என்பது போல. ஈரமெல்லாம் அவள் காலில் இருந்தது, அவள் திரும்பி நடந்தபோது ஒவ்வொரு அடிக்கும் ஒரு புதுத் தடம் விழுந்தது, விழுந்தது விழுந்தபடி மற்ற ஈரங்களைப் போலவே அதுவும் காய்ந்துகொண்டு வந்தது. அவள் நாற்காலி ஆடுவதைப் பார்க்க ஆசையாகப் போனாள், அண்ணன் சுவருக்குப் பின்னால் போய்க் கயிற்றைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார்.

கூட வந்த அம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் கல்யாணச் செருப்பிலிருந்து பள்ளிக்கூட ஷூ வழியாகச் சின்னதாகிச் சின்னதாகிக் கடைசியில் ரோஸ் நிற பீப்பீ செருப்பு வரைக்கும் ஒரே பிள்ளையின் வளர்த்தி தொங்கிக்கொண்டிருந்தது. பலகாரக் கூடை அவள் கையிலிருந்து நழுவி முறுக்கெல்லாம் தரையில் உருண்டது. பஞ்சவர்ணம் குனிந்து பொறுக்கினாள், அந்த அம்மாளும் குனிந்தாள், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தபடிதான் பேசினார்கள்.

“பீப்பீ செருப்பு வேணும் பீப்பீ செருப்பு வேணும்னு ஒரு வருசம் அழுதா” என்றாள் அந்த அம்மாள். “எந்தக் கடையில வாங்கிக் குடுத்தாலும் இது இல்ல இது இல்லன்னு வீசிருவா.”

பஞ்சவர்ணம் பொறுக்கிய முறுக்கைக் கூடைக்குள் போட்டாள்.

“எனக்கு மூணும் வயித்துலயே தங்கல. கடைசியா பழனிக்குப் போயி மடிப்பிச்ச கேட்டுட்டு வந்தேன். வண்டியில கண் அசந்துட்டேன், முழிச்சுப் பாத்தா மடியில ஒரு பிள்ள, மொட்டையும் சந்தனமுமா, என் சேலையப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது. யாரும் தேடி வரல. கேட்டேன், வண்டியில யாரு பிள்ளையும் இல்லைன்னாங்க. முருகன் குடுத்துட்டான்னு நெனச்சேன். அப்பறம் ஒரு நாளு பேப்பர்ல ரெட்டச் சடை போட்டு ஒரு போட்டோ வந்துச்சு.” அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “அதக் கிழிச்சு அடுப்புல போட்டேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க.”

இந்த நிமிஷத்துக்காகப் பஞ்சவர்ணம் எத்தனை வருஷமாக என்னென்ன சேர்த்து வைத்திருந்தாள் என்று எங்களுக்குத் தெரியும். மயிரைப் பிடித்து இழுத்துச் சாலையில் போட்டு மிதிப்பேன் என்று எங்களிடமே சொல்லியிருக்கிறாள். நாங்களும் வாசலில் கூடிவிட்டோம், ஒரு வார்த்தை, “தேனு” என்ற ஒரே ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் போதும் என்று காத்திருந்தோம். காசிம் பாய் ஒரு படி மேலே போய் லாரி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டுபோய்ப் பேருந்துக்கு முன்னால் சாய்த்துவிட்டு, “வண்டி போகாது” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே நாற்காலி ஆடியது. அந்தப் பெண் கலகலவென்று சிரித்து, அடுத்த நிமிஷமே, “அம்மா!” என்று கூப்பிட்டாள். “அம்மா, இங்க வாயேன், உள்ள உதைக்கிறான்!”

இரண்டு பேருமே எழுந்தார்கள். பஞ்சவர்ணம்தான் முதலில் எழுந்தாள், ஒரு எட்டு வைக்கவும் செய்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். யாரைக் கூப்பிட்டாள் என்று அந்தப் பெண்ணின் கண் போன திசையில் தெரிந்தது.

“குடுத்தது முருகன் இல்ல” என்றாள் பஞ்சவர்ணம் மெதுவாக. “ஏறியாச்சுன்னு சொன்னவ நான். நாந்தான் குடுத்தேன். போங்க, கூப்புடுது பாருங்க.”

“நான் சொல்லிர்றேன். இப்பவே சொல்லிர்றேன்…”

“வாயத் திறக்காதீங்க. மாசமா இருக்கிற பிள்ள. நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். தலைப்பிரசவத்துக்கு ஆத்தா பக்கத்துல இருக்கணும், வேற ஆளு இருந்தா பயந்துக்கும்.” பலகாரக் கூடையை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்து, “சுடுதண்ணி ஊத்திவிடுங்க. காலுக்கும் ஊத்துங்க. அது சின்னதுலயே கால்ல தண்ணி பட்டா சந்தோசப்படும்” என்றாள்.

அந்த அம்மாளின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. பிறகு எங்களில் பாதிப் பேர் பஞ்சவர்ணம் செய்தது தப்பு என்றோம், மீதிப் பேர் சரி என்றோம், இன்றைக்கு வரை டீக்கடையில் அந்த வழக்கு முடியவில்லை.

பஞ்சவர்ணம் இழுப்பறையைத் திறந்து பச்சை வளையல் ஜோடியை எடுத்துக்கொண்டு வாசலில் அந்தப் பெண்ணை நிறுத்தினாள். “வளைகாப்பு வளையலோட இதையும் கைக்கு ஒண்ணாப் போட்டுவிடவா?” என்று கேட்டாள். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டினாள். பஞ்சவர்ணம் அந்தக் கையை மடக்கி, விரல்களைச் சேர்த்துப் பிடித்து, வளையல் ஏற வேண்டியதைவிட நிறைய நேரம் எடுத்துக்கொண்டு ஏற்றினாள்.

“ஏங்க இவ்வளவு மெதுவா போடுறீங்க?”

“வளையல் உடையக் கூடாதுல்ல.”

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?”

“ஒரு பொண்ணு. நல்லா இருக்கா.”

சுவரில் கடைசியாக மாட்டியிருந்த புதுச் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் போட்டாள் பஞ்சவர்ணம். “வெயிலு. ஈரக்காலோட தார்ல நடக்காத. இதப் போட்டுட்டுப் போ.” அந்தப் பெண் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது, அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. “தேங்க்ஸ்ங்க” என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

பஞ்சவர்ணம் அவர்களுக்கு முன்னால் போய்க் காசிம் பாயின் முன்னால் நின்றாள். “டயர எடுங்க பாய்” என்றாள். அவர் எடுக்கவில்லை. “எடுங்க பாய். பிள்ளத்தாச்சி வெயில்ல நிக்கிறா.” காசிம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரை உருட்டினார், உருட்டிக்கொண்டே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் ஏறினார்கள். ஜன்னலோரத்தில் பெண், அவள் பக்கத்தில் அந்த அம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. வளையல் கை ஒன்று ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. நடத்துநர் படியில் தொங்கியபடி சாலைக்கும் மோட்டலுக்கும் பொதுவாகச் சத்தம் போட்டார்.

“எல்லாரும் ஏறியாச்சா? பக்கத்துல இருந்த ஆளு இருக்காங்களான்னு பாத்துக்கங்க.”

உள்ளேயிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. கீழே நின்ற பஞ்சவர்ணம் அந்த முகத்தை, இந்த முறை முகத்தை, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நன்றாகப் பார்த்தாள்.

“ஏறியாச்சு, போகலாம்” என்றாள்.